‘ஸ்விங்’ என்பதற்கு ‘ஒருக்களிப்பு’

வணக்கம்.

4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) கேமராவை வீட்டிலேயே செய்வதற்கான குறிப்பில் டில்ட், ஸ்விங் இரண்டுக்கும் ‘சாய்வு’ என்றே போட்டிருக்கிறது. அதை நம்பி மரம் அறுத்தால் மரம் வீண். டில்ட்டில் லென்ஸ் பலகை முன்னே குனியும், பின்னே நிமிரும், அச்சு கிடையானது. ஸ்விங்கில் பலகை இடமோ வலமோ முகம் திரும்பும், அச்சு செங்குத்தானது. முதலாவதற்குச் ‘சாய்வு’ இருக்கட்டும். இரண்டாவதற்கு ‘ஒருக்களிப்பு’ என்கிறேன். கதவை ஒருக்களித்துச் சாத்து என்றால் ராயபுரத்தில் எந்தத் தச்சரும் எந்தப் பக்கம் அச்சு என்று கேட்கமாட்டார்.

> ‘ஒருக்களிப்பு’ என்கிறேன்.

தம்பி, ஒருக்களித்துப் படுப்பதும் உண்டே! கேமராவையே பக்கவாட்டில் கிடத்திவிடப் போகிறார்கள். ‘திருப்பம்’ போதாதா? ஏற்றம் (லென்ஸை மேலே உயர்த்துவது), நகர்வு (பக்கவாட்டில் தள்ளுவது), துருத்தி (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடியும் பை) ஆகிய மூன்று சொற்களிலும் எனக்குத் தகராறு இல்லை.

> ‘திருப்பம்’ போதாதா?

போதாது ஐயா. ‘திருப்பு’ குமிழுக்கு வேண்டும். எடையைக் குறைக்க, முன்தாங்கியின் (லென்ஸ் பலகையைத் தாங்கும் சட்டத்தின்) அடியில் ஒரே குமிழ்தான் வைக்கிறோம். அதைத் தளர்த்தினால் நகர்வும் ஸ்விங்கும் சேர்ந்தே விடுபடும். ‘குமிழைத் திருப்பி, தாங்கியைத் திருப்பு’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ‘குமிழைத் தளர்த்து, ஒருக்களி, இறுக்கு’ என்பதில் குழப்பமில்லை.

அமைப்பு இப்படி: தாங்கியின் அடிப்பலகையில் குறுக்காக 46 மி.மீ. நீளம், 6.5 மி.மீ. அகலத்தில் ஒரு நீள்துளை. கீழ்ப்பலகையில் அசையாமல் பதித்த 6 மி.மீ. பித்தளை போல்ட் அதன் வழியே மேலே வரும். இருபுறமும் 20 மி.மீ. நகரலாம். இரும்பு போல்ட் வேண்டாம். நம் பக்கத்து உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்திலும் கறை ஏறும்.

வழக்கமாகக் கெடுவது இறுக்கும்போது. குமிழோடு வாஷரும் சுழன்று, தாங்கியை வலப்புறம் இழுத்துப்போகும். பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடியில் பார்த்து வைத்த கோணம் போய்விடும். போல்ட்டின் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக ராவி, 2 மி.மீ. பித்தளை வாஷரின் துளையையும் அதே வடிவில் வெட்டினால், வாஷர் சுழலாது. குமிழின் உராய்வு வாஷரோடு நின்றுவிடும்.

> எவ்வளவு ஒருக்களிக்க வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. தங்கசாலைத் தெருவில் கடைவரிசையை ஒட்டி நின்று, தெருவின் நீளவாக்கில் கேமராவை நிறுத்துகிறோம் என்று வையுங்கள். கடை முகப்புகள் லென்ஸுக்குப் பக்கவாட்டில் 1.5 மீ. தள்ளி, லென்ஸ் 150 மி.மீ. குவியத்தூரம். 150-ஐ 1500-ஆல் வகுத்தால் 0.1, அதுதான் கோணத்தின் சைன் மதிப்பு. ஏறத்தாழ 5.7 பாகை. லென்ஸ், ஃபிலிம், தெளிவாக விழ வேண்டிய பரப்பு ஆகிய மூன்றின் தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்ற ஷைம்ஃப்ளக் விதிப்படி, வரிசை முழுக்கத் தெளிவாக விழ இதுவே போதும். சுவர் 75 செ.மீ.யில் இருந்தாலும் 11.5 பாகைதான். ஆகவே 15 பாகைக்கு மேல் இடம்விட்டு அகலமான பலகை போடுவது வீண் எடை.

சுழியத்தை, அதாவது ஒருக்களிக்காத நேர்நிலையை, துல்லியமாக வைப்பதுதான் கடினம். 100 மி.மீ. அகலத் தாங்கியின் இரு ஓரங்களும் பின்சட்டத்திலிருந்து 1 மி.மீ. வேறுபட்டாலே 0.6 பாகை. ஃபிலிமின் ஓரத்தில் குவியம் சுமார் 0.6 மி.மீ. தள்ளும். லென்ஸ் துளை சிறிதான எஃப்/22-இல் அது மறையும், துளை பெரிதான எஃப்/5.6-இல் ஓரம் லேசாகக் கலங்கித் தெரியும்.

சரி தம்பி, ‘படுத்தல்’ ஆட்சேபத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் பெயர்ச்சொல்லை அகராதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் பொறிக்க ‘ஒருக்களி’ போதும். இடவலமாக அம்புக்குறி ஒன்று, 0, 5, 10 பாகைகளில் கோடு. ஃபிலிம் இருக்கும் பின்தாங்கிக்கு இந்த அசைவே வேண்டாம். அந்தக் குமிழையும் பித்தளையையும் மிச்சம் பிடிக்கலாம்.