ஆட்டோமேட்டிக் பிக்கப்: கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் வீட்டிலேயே மாற்றலாமா?

கட்டபெட்டுக்காரன்

வணக்கம். கட்டபெட்டு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சை இலையை ஃபேக்டரிக்குக் கொண்டு போவது, மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டை ஏற்றி வருவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டிதான். டீசல் டபுள் கேபின் பிக்கப், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன்பு வைத்திருந்தவர் கொடுத்த பில்களில் இன்ஜின் ஆயில் இருக்கிறது, பிரேக் ஷூ இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் எங்கேயும் காணோம்.

காலையில் ஸ்டார்ட் செய்து டி-யில் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறது, பிடிக்கும்போது ஒரு தட்டு தட்டுகிறது. கீழே அன்னூர் ரோட்டில் அறுபதில் சீராகப் போகும்போது ஸ்டியரிங் வரைக்கும் ஒரு நடுக்கம் வந்து போகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், கோத்தகிரி ஏற்றத்தில் லோடோடு வரும்போது இந்த நடுக்கமே இல்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அது லைஃப்டைம் ஆயில் சார், தொடக் கூடாது" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் மெஷின் வைத்து ஃபிளஷ் செய்யலாம் என்கிறார்கள். வீட்டில் ஷெட், ஜாக்கி, ஸ்டாண்ட் எல்லாம் உண்டு. இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர் நானே மாற்றுகிறவன். இதையும் செய்யலாமா? டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டியில் ஆயில் அளவை எப்படித்தான் பார்ப்பது?

லவ்டேல் லோடு

அண்ணா, ஓடுகிற கியர்பாக்ஸில் கை வைக்காதீர்கள். என் மச்சான் வண்டியில் ஆயில் மாற்றிய மறுவாரமே ரிவர்ஸ் போய்விட்டது. மாற்றாமலே விட்டிருந்தால் இன்னும் ஓடியிருக்கும்.

அருவங்காடு பட்டறை

லவ்டேல் தம்பி சொல்வது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் பெரும்பாலும் கிளட்ச் தேய்ந்து, கியர் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்ற வருகிறார்கள். சாகக் கிடக்கிறவனுக்குக் கடைசியாக ஊசி போட்ட டாக்டர் மேல் பழி விழுவது போல ஆயில் மேல் விழுகிறது. கட்டபெட்டு சார் வண்டி அந்த நிலைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அறுபதில் வரும் நடுக்கத்துக்குக் காரணம் அநேகமாக லாக்-அப் கிளட்ச். இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது. சமதளத்தில் சீரான வேகத்தில் அது இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆயிலில் கலந்திருக்கும் மருந்து தீர்ந்துபோனால் விட்டு விட்டுப் பிடிக்கும், அதுதான் நடுக்கம். ஏற்றத்தில் இருபது முப்பதில் லோடோடு வரும்போது லாக்-அப் பிடிப்பதே அபூர்வம், அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆயில் கெடுவது அந்த ஏற்றத்தில்தான். லாக்-அப் இல்லாமல் கன்வெர்ட்டர் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கிறது, சூடு ஏறுகிறது. லைஃப்டைம் என்றவரிடம் யாருடைய லைஃப் என்று கேட்டிருக்கலாம். மேனுவலில் கடினமான உபயோகம் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறதா பாருங்கள். லோடோடு மலையில் ஓடும் வண்டி அதில்தான் வரும்.

ஃபிளஷ் மெஷின் வேண்டாம். இத்தனை நாள் மாற்றாத பெட்டியில் அழுக்கைக் கிளப்பி ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் தள்ளிவிட்டால் வீண் தலைவலி. பெட்டிக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்பைக் கழற்றி, ஃபில்டர் மாற்றி, வடிந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றினால் போதும்.

கீழே படுப்பதற்கு முன்னால் ஆயில் டப்பாவைப் பாருங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று கிடையாது. டொயோட்டா ஹைலக்ஸுக்கு டபிள்யூ-எஸ் என்ற வகை, இன்னொன்றுக்கு வேறு. மேனுவலில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதே பெயர் டப்பாவிலும் இருக்க வேண்டும். அப்புறம், டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஃபில்லர் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் வண்டி ஷெட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

வடிகிற ஆயிலை அளந்தே ஆக வேண்டும். வாட்டர் பாட்டிலில் அளக்கச் சொல்வார்கள், நம்ம மாவட்டத்தில் அதற்கே தடை. புது ஆயில் வந்த காலி கேனையே வைத்துக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் ஒரே சூட்டில் இருக்கட்டும். நாலு லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் 150 முதல் 200 மில்லி வரை பெருகிவிடும். கொதிக்கக் கொதிக்க வடித்து அளந்து, அதே அளவுக்குக் குளிர்ந்த ஆயிலை ஊற்றினால் கணக்கு உதைக்கும்.

சம்ப் போல்ட்டை ஒரே பக்கமாகக் கழற்றாதீர்கள். ஒரு மூலையை மட்டும் இறக்கி மிச்ச ஆயிலை வடித்துவிட்டுப் பிறகு மற்றதை எடுங்கள். உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் நைசான பசை ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் மை மாதிரி வரும். அது இருந்தால் கவலை வேண்டாம், தேய்மானம் அப்படித்தான் சேரும். விரலில் குத்துகிற துண்டு, மினுங்குகிற தகடு, கருப்புக் கிளட்ச் துணுக்கு, தீய்ந்த வாடை இருந்தால் நிறுத்திவிட்டுப் போட்டோ போடுங்கள்.

பழைய ஃபில்டரை இழுத்ததும் அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கூடவே வந்ததா பாருங்கள். பல நேரம் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் புது ஃபில்டரை அதன் மேல் அழுத்தினால் சரியாக உட்காராது, பம்ப் அந்தச் சந்தில் காற்றை இழுக்கும். டார்ச் அடித்து விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். கேஸ்கெட்டுக்கு மேனுவல் சொன்னால் ஒழிய சிலிகான் பூச வேண்டாம். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு அளவு) வரை மட்டும் இறுக்குங்கள். அது ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும், பலத்தைக் காட்டினால் தகடு வளைந்து சொட்டும்.

இனி டிப்ஸ்டிக் விஷயம். இந்தப் பெட்டிகளில் ஓவர்ஃப்ளோ பிளக் இருக்கும். இன்ஜின் ஓட, லீவரை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நிறுத்தி, திரும்ப பி-க்கு வந்து, ஆயில் மேனுவலில் சொன்ன சூட்டுக்கு வந்ததும் அதைத் திறக்க வேண்டும். பல பெட்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும். மெல்லிசாக ஒழுகி, சொட்டாக மாறும்போது மூடினால் அளவு சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் ஊற்றுங்கள். சூட்டைப் பார்க்க வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வேண்டும், கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த கையோடு இதைச் செய்யவே கூடாது, பெட்டி ஆற நேரமாகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் தொடங்குங்கள். நம்ம குளிரில் 40 வரை மெதுவாகத்தான் ஏறும், அது நல்லதுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வண்டி மட்டமாக நிற்க வேண்டும். நீலகிரியில் மட்டமான வாசலுக்கு எங்கே போவது? பார்த்தால் மட்டம் போலத் தெரியும் ஷெட்டில்கூட மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டுத்தான் தளம் போட்டிருப்பார்கள். கொஞ்சம் சாய்ந்து நின்றாலே ஓவர்ஃப்ளோ பொய் சொல்லும். ஆயில் குறைந்தால் கொண்டை ஊசி வளைவில் மூக்கைத் தூக்கி ஏறும்போது ஃபில்டர் வாய் காற்றைக் குடிக்கும், கியர் வழுக்கும். அதிகமானால் சுழல்கிற பாகங்கள் அடித்து நுரை கிளப்பும், பிரஷர் இறங்கும். கீழ்நாட்டு மெக்கானிக்குகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அவர்களுக்குத் தரையே மட்டம்.

பூம்பாறை பூண்டு

கொடைக்கானல் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் இதே கதைதான், தெருவே படிக்கட்டு. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முன்வீல் நடுவிலும் இன்னொரு முனையைப் பின்வீல் நடுவிலும் பிடித்தால் எது தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இடது வலதுக்கும் அப்படியே. தாழ்ந்த வீலுக்கு அடியில் அகலமான பலகை போட்டு ஏற்றி நிறுத்துங்கள். ஸ்பிரிட் லெவலைப் பாடி மேல் வைத்துப் பார்க்காதீர்கள், காலி பிக்கப் பின்பக்கம் தூக்கித்தான் நிற்கும்.

அருவங்காடு பட்டறை

பூம்பாறைக்காரர் சொன்னது அருமை. நாலு டயரும் ஒரே சைஸ், காற்றும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலகையில் ஏற்றிய பிறகு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இன்ஜின் ஓடும்போது கீழே படுக்கப் போகிறீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாவிப் பக்கமே விடாதீர்கள்.

கட்டபெட்டுக்காரன்

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். வடிந்தது 3.8 லிட்டர், டீ டிகாஷன் நிறம். தீய்ந்த வாடை இல்லை. காந்தத்தில் பசை மட்டும்தான். ஓ-ரிங் நீங்கள் சொன்னபடியே மேலேயே ஒட்டியிருந்தது. என் ஷெட் முன்பக்கம் தாழ்வு என்பது டியூப் வைத்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு பலகை வேண்டியிருந்தது. காலைத் தட்டு போய்விட்டது. அறுபது நடுக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை. பழைய ஆயிலை என்ன செய்வது? பக்கத்துத் தோட்டத்தில் வேலிக் கம்பத்துக்குப் பூசக் கேட்கிறார்கள்.

அருவங்காடு பட்டறை

கம்பத்துக்கு வேண்டாம். மழைக்கு ஓடையில் இறங்கும், அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடிக்கிறார்கள். கேனில் மூடி வையுங்கள், அடுத்த முறை கீழே போகும்போது பழைய ஆயில் எடுக்கிற பட்டறையில் கொடுத்துவிடலாம்.

நடுக்கம் மிச்சமிருப்பது எதிர்பார்த்ததுதான். கன்வெர்ட்டரிலும் கூலர் பைப்பிலும் இருப்பது வடியாது. பெட்டியின் மொத்தக் கொள்ளளவு ஒன்பதரை லிட்டர் என்று வைத்தால், உள்ளே இன்னும் 60 சதவீதம் பழையது. இதே 3.8-ஐ இன்னொரு முறை மாற்றினால் 36-க்கு வரும், மூன்றாவதில் 22. ஒரு மாதம் லோடு ஏற்றி ஓட்டிவிட்டு இரண்டாவது முறை செய்யுங்கள். சம்பையும் ஃபில்டரையும் தொட வேண்டாம், டிரெயின் பிளக் மட்டும், அதற்குப் புது வாஷர். பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.