மூணு வட்டிக்கு விட்டால் அது பண ஆசையா?

காரைக்குடி சகோதரி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தேவகோட்டைப் பக்கம் இருந்த அப்பாவின் நிலம் கிரயமாகி என் பங்கு கைக்கு வந்திருக்கிறது. பேங்கில் டெபாசிட் போடலாம் என்று நான் சொன்னால், வீட்டுக்காரரின் மாமா ஒருவர், "பேங்க்ல என்னம்மா கிடைக்கும், நூத்துக்கு மூணு வட்டிக்கு விட்டா மாசம் பொறந்தா கையில காசு, ஆளையும் நானே காட்டுறேன்" என்கிறார். அவர் காட்டும் ஆள் ஆத்தங்குடியில் டைல்ஸ் கல் போடுகிறவர், மழையில் வேலை நின்றுபோய் வீட்டுச் செலவுக்கே திண்டாடுகிறாராம். எங்களுக்கும் பிள்ளைகள் படிப்பு இருக்கிறது, பணம் தேவைதான். ஆனால் "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்ற 1 தீமோத்தேயு 6:10 மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பிள்ளைகளுக்காகச் சேர்ப்பதும் பண ஆசையா? தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே ஆரம்பிக்கிறது?

புதுவயல் அண்ணன்:
தங்கச்சி, பணம் வைத்திருப்பதே பாவம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஆபிரகாம் ஐசுவரியவான், இயேசுவின் சரீரத்தை அடக்கம் பண்ணிய அரிமத்தியா யோசேப்பும் ஐசுவரியவான். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதியதும் அதே நிருபத்தில்தான், 5:8 பாருங்கள். இயேசு சொன்ன தாலந்து உவமையில், கொடுத்த பணத்தைப் புதைத்து வைத்த வேலைக்காரனிடம் எஜமான், காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்று கேட்கிறான். அதனால் பயப்படாதீர்கள், பிள்ளைகளுக்குச் சேருங்கள்.

தேவகோட்டை வாசகர்:
அண்ணன் சொன்னது பேங்க் டெபாசிட்டுக்குச் சரி. சகோதரி கேட்டது அது இல்லையே. மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு 36. ஆத்தங்குடி வேலையை நேரில் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் காயவைத்து எடுக்க வேண்டும். அடைமழையில் ஒரு கல் காயாது. வேலை இல்லாத மாதமும் வட்டி மட்டும் நிற்காமல் ஏறும்.

யாத்திராகமம் 22:25 எளியவனுக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்கிறது. அடுத்த வசனம் இன்னும் கிட்டே போகிறது: அடகாக அவன் போர்வையை வாங்கினால் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடு, வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்கிறது. நெகேமியா 5-ஐயும் வாசியுங்கள். பஞ்சத்தில் ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பெற்ற பிள்ளைகளையே அடிமையாக விடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அங்கே வாங்கிய வட்டி நூற்றுக்கு ஒன்று. அதையே திருப்பிக் கொடுக்கச் சொன்னார் நெகேமியா.

எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டீர்கள். கடன் கொடுத்த பிறகு ஐப்பசியில் மழை கொட்டும்போது, "ஐயோ, அந்த மனுஷனுக்கு வேலை இருக்காதே" என்று தோன்றுகிறதா, "இந்த மாசம் வட்டி வராதே" என்று தோன்றுகிறதா? இரண்டாவதுதான் முதலில் தோன்றினால், தொகை ஐயாயிரமாக இருந்தாலும் அது பண ஆசைதான் என்பேன்.

சட்டமும் இருக்கிறது. தொழிலாக வட்டிக்கு விட லைசென்ஸ் வேண்டும், கந்துவட்டி, மீட்டர் வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

கானாடுகாத்தான் பக்கம்:
வட்டித் தொழில் பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவில் லட்சக்கணக்கான ஏக்கர், அங்கே வட்டிக்கு விட்டிருந்த நம் ஊர்ச் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை வந்ததும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் எத்தனை குடும்பம். நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்காதே என்று 1 தீமோத்தேயு 6:17 சொல்வதற்கு இந்தத் தெருக்களே சாட்சி.

ஆனால் அதே ஊர்க்காரர்கள் வரவில் ஒரு பங்கை மகமை என்று கோவிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், பெண்கள் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். அவர் நம் சபைக்காரர் இல்லை. தாராளமாய்க் கொடுக்கிறவர்களாக இருங்கள் என்று 6:18-ஐ வாரம் வாரம் கேட்கிற நாம் தசமபாகத்துக்கே கணக்குப் பார்க்கிறோம், எனக்கு மனசு வலிக்கிறது.

புதுவயல் அண்ணன்:
தேவகோட்டைக்காரர் சொன்ன நெகேமியா 5-ஐ இப்போதுதான் முழுதாக வாசித்தேன். தங்கச்சி, பணத்தை பேங்கிலேயே போடுங்கள். அந்தக் கல் போடுகிறவருக்கு உங்களால் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கைமாத்தாகக் கொடுங்கள், வட்டி வேண்டாம், தை பிறந்து வெயில் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரட்டும். எழுதி வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. மாமாவிடம் நீங்கள் பேசாதீர்கள், அவர் மனம் கோணாமல் வீட்டுக்காரரே எடுத்துச் சொல்லட்டும்.