பள்ளிக்கு முன் நடைமேம்பாலம் கேட்பதா, உயர்த்திய கடக்குமிடம் கேட்பதா?

கேள்வி: சேலம் கோரிமேட்டிலிருந்து ஒரு தாய்

என் மகள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஏற்காடு சாலைக்கு ஒரு புறம் எங்கள் தெருவும் மறுபுறம் அவள் பள்ளியும் இருப்பதால், நாள்தோறும் இரண்டு முறை அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். சாலைக்குப் புதிதாகத் தார் போட்டபோது ஜீப்ரா கோடுகள் அடியில் போய்விட்டன. புதுத் தார் எட்டாத ஓரத்தில் இரண்டு பட்டைகளின் நுனி மட்டும் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. பிள்ளைகள் அந்த நுனியைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையிலும், பள்ளி வைக்கும் சனிக்கிழமைகளிலும் மலைக்குப் போகும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கையைக் காட்டினாலும் யாரும் நிறுத்துவதில்லை. சென்ற வாரம் ஒரு கார் என் மகளின் புத்தகப் பையை உரசிக்கொண்டு போனது. அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நடைமேம்பாலம் வேண்டும் என்று மனு எழுதலாமா? எங்கு, யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதில்: நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, நடைமேம்பாலம் கேட்காதீர்கள் என்பதே என் கருத்து. கனமான பையைச் சுமந்துகொண்டு ஒரு மாடி உயரத்துக்குப் படியேறி, மறுபுறம் இறங்க வேண்டும் என்றால், பத்து வயதுப் பிள்ளை நான்கு நாளைக்கு ஏறும், ஐந்தாம் நாள் கீழேயே ஓடும். பாலம்தான் இருக்கிறதே என்ற எண்ணத்தில் ஓட்டுநரும் வேகத்தைக் குறைக்க மாட்டார். ஐந்து ரோட்டில் 2020இல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். அது வாகனங்களுக்கு வழி கொடுத்தது, ஆனால் நடந்து வருபவர் இன்றும் தரையில்தான் சாலையைக் கடக்கிறார். பள்ளி வாயிலில் மாற வேண்டியது வண்டியின் வேகம்.

கணக்கைப் பாருங்கள். சாலையின் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் பிள்ளைக்கு அதைக் கடக்க 12 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 12 நொடியில் ஏறத்தாழ 167 மீட்டர் ஓடிவிடும். பிள்ளை காலை எடுத்து வைக்கும்போது எங்கோ தொலைவில் தெரிந்த கார், நடுச்சாலைக்கு வருவதற்குள் பக்கத்தில் வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 100 மீட்டர்தான் ஓடியிருக்கும். பிரேக் பிடித்து நிற்கவும் குறைந்த தூரமே போதும். பள்ளிப் பகுதிகளில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே கோடு மட்டும் கேட்காமல், நடைபாதை மட்டத்துக்கு மேடைபோல உயர்த்தி, அதன்மேல் ஜீப்ரா பட்டைகள் போட்ட கடக்குமிடத்தைக் கேளுங்கள். வெறும் கோட்டைப் பார்த்து நம் ஊரில் வண்டி நிற்பதில்லை. மேடு வந்தால் சக்கரம் தானாகத் தயங்கும். அதற்கு இடமில்லை என்று சொன்னால், சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின்படி, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வேகத்தடையைக் கடக்குமிடத்துக்குச் சற்று முன்னால் கேட்கலாம். கடைக்காரர்கள் இரவோடு இரவாகப் போடும் குறுகிய செங்குத்து மேடு வேண்டவே வேண்டாம், அதில் இருசக்கர வாகனங்கள்தான் விழும். சாலை அகலமாக இருந்தால், நடுவில் பிள்ளைகள் நின்று பார்க்க ஒரு திட்டும் அவசியம்.

மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவரே என்பதால், சாலை எந்தத் துறையுடையது என்று உங்களை அலைக்கழிக்க இடமிருக்காது. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கு மாநிலங்கள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. அதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

பதில்: ஆசிரியர், அம்மாபேட்டை

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பள்ளி வாயிலில் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்தாக இருந்தவை, வாயிலை ஒட்டிப் பெற்றோர் நிறுத்தும் வண்டிகளே. இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவிலிருந்து திடீரென வெளிப்படும் பிள்ளையை எந்த ஓட்டுநராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. சாலைப் பாதுகாப்புப் படை மாணவர்களை நடைபாதையில் நிற்க வைத்து, வாயிலின் இருபுறமும் சற்றுத் தூரம் எந்த வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். சாலைக்குள் இறங்கி வண்டியை நிறுத்தும் வேலையைப் பெரியவர்கள் மட்டுமே செய்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பதால், சகோதரி, அங்கே ஒரு தீர்மானம் போட்டு மனுவோடு இணைத்தால் அதற்குக் கனம் கூடும்.

பதில்: ஏற்காடு

இங்கே மேலே நடைபாதையே கிடையாது. மூடுபனி இறங்கினால், காப்பித் தோட்டத்துப் பிள்ளைகள் கருநீல ஸ்வெட்டரோடு சாலையோரம் நடப்பது வண்டி நெருங்கும் வரை தெரிவதில்லை. வளைவில் கடக்காதே, இருபுறமும் கண்ணுக்கெட்டும் நேர்ச்சாலை வரை நட என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். அடிவாரத்தில் வேகத்தைக் குறைத்துப் பழகிய ஓட்டுநர் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக ஏறி வருவார். உங்கள் மனுவில் எங்கள் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை மகளோடு கடந்தபோது மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஐயா சொன்ன கணக்குக்கு ஒரு நொடி கூடுதலாக, 13 நொடி ஆனது. நடைமேம்பாலம் என்ற சொல்லை அடித்துவிட்டு, உயர்த்திய கடக்குமிடம் என்று மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மாலை 4 மணி முதல் 5 மணி வரை எத்தனை வண்டிகள் போகின்றன, எத்தனை நிற்கின்றன என்று எண்ணிக் குறிக்கப் போகிறேன். கோரிமேடு, கண்ணங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களில் இரண்டு பேர் வந்தால் இரு திசையையும் எண்ணிவிடலாம்.