டெபியன் 12-க்கு மேம்படுத்தினேன், பில்லிங் படுத்துவிட்டது. எல்விஎம் ஸ்னாப்ஷாட்டை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி?

தறிநாடா, ஞாயிறு காலை 11.10

வணக்கம். ஈரோட்டில் என் சித்தப்பாவுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். கடையின் பில்லிங் சர்வரை (டெபியன் லினக்ஸில் ஓடுவது) நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலை கோவையில் என்பதால் பெரும்பாலும் எஸ்எஸ்எச் வழியாக, தூரத்திலிருந்தே இணைந்துதான்.

நேற்றிரவு கடை சாத்தியதும் டெபியன் 11-இலிருந்து 12-க்கு மேம்படுத்தினேன். தொடங்கும் முன் ரூட் வால்யூமுக்கு (சிஸ்டம் இருக்கும் வட்டுப் பகுதி) 8 ஜிபியில் ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு; எல்விஎம் என்பது வட்டை வால்யூம்களாக நிர்வகிக்கும் முறை) எடுத்து வைத்தேன். மேம்பாடு பிழை இல்லாமல் முடிந்தது. காலையில் கடை திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: பில் போடும் பக்கம் வேலை செய்கிறது, ஆனால் ஜிஎஸ்டி அறிக்கையும் பாக்கிப் பட்டியலும் வெள்ளைப் பக்கமாக வருகின்றன. பிழைப் பதிவில் 'ஈச்' என்ற ஃபங்ஷனே இல்லை என்கிறது. பிஎச்பி 7.4 போய் 8.2 வந்திருக்கிறது. நிரலை எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை.

நாளை திங்கள் இரவு சந்தை. பாக்கிப் பட்டியல் இல்லாமல் சித்தப்பா சந்தைக்குக் கிளம்ப முடியாது. 'எல்விகன்வர்ட்' கமாண்டில் மெர்ஜ் (ஸ்னாப்ஷாட்டை அசலோடு இணைப்பது) கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று படித்தேன். அது மட்டும் போதுமா? வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் கொடுத்தால் ஸ்னாப்ஷாட்டுக்கு நேராக டேட்டா% 83.4 என்று காட்டுகிறது. வால்யூம் குரூப்பில் (வால்யூம்களுக்கு இடம் தரும் தொகுப்பு) இன்னும் 22 ஜிபி காலியாக இருக்கிறது. ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4.

இரவுப்பணி, ஞாயிறு காலை 11.22

தம்பி, மெர்ஜ் பேச்சு அப்புறம். முதலில் அந்த 83.4-ஐக் கவனியுங்கள். இதைப் படித்த கையோடு ஸ்னாப்ஷாட்டைப் பெரிதாக்குங்கள். எல்விஎக்ஸ்டெண்ட் கமாண்டில் அளவை +10ஜி என்று கொடுத்து ஸ்னாப்ஷாட்டின் பெயரைச் சொன்னால் போதும். கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் மொத்த அளவே 10 ஜிபி என்று எடுத்துக்கொண்டு வெறும் 2 ஜிபி மட்டும் கூட்டும்.

ஏன் அவசரம் என்றால், அந்த 8 ஜிபியில் உங்கள் பழைய சிஸ்டம் முழுவதும் இல்லை. பேரேட்டில் ஒரு வரியை அடித்து எழுதும் முன், பழைய வரியை ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வைப்பதுபோலத்தான் இது வேலை செய்கிறது. ரூட்டில் ஒரு பகுதி முதன்முறை மாறும்போது, அங்கே முன்பு இருந்தது ஸ்னாப்ஷாட் இடத்துக்கு நகலாகிறது. மாறாத பகுதிக்கு நகலே கிடையாது. கடையில் பில் போடப் போட, லாக் எழுத எழுத, துண்டுச்சீட்டு கூடிக்கொண்டே போகும். 100-ஐத் தொட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். ஓடுகிற சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் திரும்பும் வழி அடைந்துவிடும். அதை யாராலும் மீட்க முடியாது.

தறிநாடா, ஞாயிறு காலை 11.31

செய்துவிட்டேன் அண்ணா. இப்போது 18 ஜிபி, டேட்டா% 37.1. மெர்ஜ் கொடுக்கலாமா?

இரவுப்பணி, ஞாயிறு காலை 11.45

வேண்டாம். காலையிலிருந்து கடையில் பில் போட்டிருக்கிறார்களே, அந்தத் தரவுத்தளம் எங்கே இருக்கிறது? ரூட் வால்யூமிலேயே இருந்தால், மெர்ஜ் அதையும் சேர்த்துத்தான் நேற்றிரவுக்குக் கொண்டுபோகும். மெர்ஜுக்கு எது மேம்பாடு, எது வியாபாரம் என்று தெரியாது. அந்த வால்யூமில் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு நடந்த எல்லாமே போய்விடும்.

இன்னொன்று, மெர்ஜ் ஒரே ஒரு முறைதான். முடிந்ததும் ஸ்னாப்ஷாட் தானாக அழிந்துவிடும். இன்றைய நிலைக்குத் திரும்ப வழி இருக்காது.

நிரல்மேசை, ஞாயிறு மதியம் 12.05

இடையில் ஒரு வார்த்தை. 'ஈச்' பிஎச்பி 8.0-இல் நீக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தும் சுற்றுகளைப் பெரும்பாலும் 'ஃபார்ஈச்' ஆக மாற்றி எழுதிவிடலாம். எத்தனை இடத்தில் வருகிறது என்று கிரெப் செய்து பார்த்தீர்களா? நாலைந்து இடம்தான் என்றால் ஒரு மணி நேர வேலை. சிஸ்டத்தைப் பின்னால் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தறிநாடா, ஞாயிறு மதியம் 12.20

பார்த்தேன். 31 ஃபைல்களில் இருக்கிறது. கூடவே 'கிரியேட்_ஃபங்ஷன்' ஒன்பது இடத்தில் வருகிறது. அதுவும் 8.0-இல் போய்விட்டது என்று தெரிகிறது. இதைத் திருத்தி, வரிக் கணக்கு சரியாக வருகிறதா என்று நாளைக்குள் சோதிக்க எனக்குத் தைரியம் இல்லை.

தரவுத்தளம் ரூட்டில்தான் இருக்கிறது. காலையிலிருந்து 46 பில். எல்ஆர் (லாரி ரசீது) காப்பிகளை ஸ்கேன் செய்து ஏற்றும் ஃபோல்டரும் அதே வால்யூம்தான்.

நிரல்மேசை, ஞாயிறு மதியம் 12.28

31 ஃபைல், அதுவும் வரிக் கணக்கு என்றால் நீங்கள் சொல்வதே சரி. இன்று பின்வாங்குங்கள். ஆனால் கடையோடு சம்பந்தமில்லாத ஒரு மெஷினில் நிரலின் நகலை வைத்துத் திருத்தும் வேலையை இந்த மாதமே ஆரம்பித்துவிடுங்கள். டெபியன் 11-க்கான நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் வரைதான்.

வட்டுக்காரர், ஞாயிறு மதியம் 12.50

எல்லோரும் ரூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பூட் (சிஸ்டத்தைக் கிளப்பும் ஃபைல்கள் உள்ள இடம்) எங்கே இருக்கிறது? டெபியன் நிறுவியில் எல்விஎம் தேர்ந்தெடுத்தால் பூட்டை வெளியே தனிப் பார்ட்டிஷனாக வைப்பதுதான் வழக்கம். ஸ்னாப்ஷாட்டுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில் நான் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மெர்ஜ் ஆகி ரூட் டெபியன் 11-க்குப் போய்விட்டது. பூட் பார்ட்டிஷன் மட்டும் 12-இலேயே நின்றது. சிஸ்டத்தைக் கிளப்பும் கிரப் வழக்கம்போலப் புதிய 6.1 கர்னலை (சிஸ்டத்தின் மைய நிரல்) எடுத்துக்கொண்டு கிளம்பியது. ஆனால் ரூட்டின் லிப்/மாட்யூல்ஸ் உள்ளே 5.10-க்கான மாட்யூல்கள்தான் (டிரைவர் போன்ற கர்னல் துண்டுகள்) இருக்கின்றன, 6.1-க்கு ஃபோல்டரே கிடையாது. லாகின் வரை வந்தது, ஆனால் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லை. நானோ அந்த சர்வரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தேன்.

அதனால் ஸ்னாப்ஷாட்டை ஒரு ஃபோல்டரில் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். அதன் லிப்/மாட்யூல்ஸ் உள்ளே இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள விஎம்லினக்ஸும் (கர்னல் ஃபைல்) அது கிளம்பும்போது தேவைப்படும் இனிட்ஆர்டி ஃபைலும் பூட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். மேம்பாடு முடிந்ததும், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓட்டினீர்களா? ஓட்டியிருந்தால் பழைய கர்னல் போயிருக்கலாம். அப்படியானால் மெர்ஜுக்கு முன்பே அதைத் திரும்ப நிறுவியாக வேண்டும்.

உங்களுடையது இஎக்ஸ்டி4 என்பதால் மவுண்டில் சிக்கல் இல்லை. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பவர்கள் 'நோயூயூஐடி' என்ற ஆப்ஷனையும் கொடுக்க வேண்டும். அசலுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்) என்பதால் அது இல்லாமல் மவுண்ட் ஆகாது.

தறிநாடா, ஞாயிறு மதியம் 1.40

நன்றி சார், இது எனக்குத் தோன்றவே இல்லை. பூட் தனிப் பார்ட்டிஷன்தான். ஆட்டோரிமூவ் ஓட்டவில்லை. ஸ்னாப்ஷாட்டின் உள்ளே டெபியன் பதிப்பு 11.6, மாட்யூல்ஸ் 5.10.0-20-ஏஎம்டி64. பூட்டில் அதே எண்ணுள்ள இரண்டு ஃபைல்களும் இருக்கின்றன, கூடவே 6.1.0. பில்லிங் ஃபோல்டரையும் உள்ளே போய்ப் பார்த்தேன். நேற்று மாலை வரைக்குமான எல்ஆர் காப்பிகள் அப்படியே இருக்கின்றன.

நான்கு மணி பஸ்ஸில் ஈரோடு கிளம்புகிறேன். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தே செய்கிறேன். வரிசையை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இரவுப்பணி, ஞாயிறு மதியம் 2.05

நேரில் போவது நல்ல முடிவு. கடை சாத்தியதும் முதலில் பில்லிங் பக்கங்களை வழங்கும் வெப் சர்வரான அப்பாச்சியை நிறுத்துங்கள். டம்ப் (தரவுத்தளத்தை ஒரு ஃபைலாக நகலெடுப்பது) எடுக்கும்போது யாரோ ஒருவர் பில் போட்டுவிட்டால் அது இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். பிறகு பில்லிங் தரவுத்தளத்தை மட்டும் டம்ப் எடுங்கள். தரவுத்தள மென்பொருளான மரியாடிபியின் சொந்தத் தரவுத்தளமான 'மைஸ்க்யூஎல்' வேண்டாம். இப்போது ஓடுவது 10.11, திரும்பிப் போவது 10.5. பயனர் அனுமதி அட்டவணைகளைப் புதியதிலிருந்து பழையதற்குக் கொண்டுபோனால் வீண் தலைவலி.

அந்த டம்ப் ஃபைலை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஹோம் ஃபோல்டரில் வைத்தால், அதுவும் ரூட் வால்யூம் என்றால், மெர்ஜ் ஆனதும் டம்ப்பும் காணாமல் போகும். பென் டிரைவில் வையுங்கள். இன்று ஏற்றிய எல்ஆர் காப்பிகளையும் பூட் பார்ட்டிஷனின் நகலையும் அதிலேயே போடுங்கள். பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, டம்ப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 46-ஆவது பில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அப்புறம் ஸ்னாப்ஷாட் மவுண்டை அவிழ்த்துவிட்டு மெர்ஜ் கொடுங்கள். ரூட் பயன்பாட்டில் இருப்பதால் உடனே ஆரம்பிக்காது. அடுத்த முறை வால்யூம் இயக்கத்துக்கு வரும்போது நடக்கும் என்று சொல்லும், அது பிழை இல்லை. ரீபூட் செய்யுங்கள். கிரப் திரை வந்ததும் கூடுதல் விருப்பங்களுக்குப் போய் 5.10.0-20-ஐத் தேர்ந்தெடுங்கள். வந்ததும் எல்விஎஸ் -ஏ கொடுத்தால் ரூட்டின் பண்புகளில் முதல் எழுத்து பெரிய 'ஓ' ஆக இருக்கும். மெர்ஜ் நடக்கிறது என்று அர்த்தம். சதவீதம் இறங்கிக்கொண்டே வரும். அதுவரை அப்பாச்சியை நிறுத்தி வைத்து, பேசாமல் காத்திருங்கள்.

தறிநாடா, ஞாயிறு இரவு 10.50

மெர்ஜ் முடிந்தது. 5.10-இல்தான் வந்தது, நெட்வொர்க் வேலை செய்கிறது, பிஎச்பி 7.4 இருக்கிறது. பாக்கிப் பட்டியல் திறந்தது. இருபத்தைந்து நிமிடம் அந்த சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் டம்ப்பை உள்ளே ஏற்றும்போது முதல் வரியிலேயே நிற்கிறது. '\-' என்ற கமாண்ட் தெரியாது என்கிறது. டம்ப் கெட்டுவிட்டதா? இன்றைய பில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

இரவுப்பணி, ஞாயிறு இரவு 10.58

கெடவில்லை, பயப்படாதீர்கள். 2024-இல் வந்த மரியாடிபி பதிப்புகளிலிருந்து (10.11 வரிசையில் 10.11.8) டம்ப்பின் முதல் வரியில் சாண்ட்பாக்ஸ் பற்றிய ஒரு குறிப்பு சேர்ந்துகொள்கிறது. உங்கள் 11.6-இல் உள்ள பழைய கிளையன்ட்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஃபைலைத் திறந்து பாருங்கள், முதல் வரியில் 999999 என்ற எண் இருக்கும். நகல் ஒன்று எடுத்து, அதில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

தறிநாடா, ஞாயிறு இரவு 11.15

ஏறிவிட்டது! 46 பில்லும் வந்துவிட்டன. கடைசி பில், பவானி பார்ட்டிக்குப் போட்ட ஜமக்காளம், தொகையோடு சரியாக இருக்கிறது. ஜிஎஸ்டி அறிக்கையும் வருகிறது. சித்தப்பா பாக்கிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வட்டுக்காரர், ஞாயிறு இரவு 11.30

மகிழ்ச்சி. தூங்கப் போகும் முன் ஒரு வேலை பாக்கி. பூட்டில் 6.1 ஃபைல்கள் இன்னும் இருக்கின்றன. நாளை கரண்ட் போய் வந்தால் கிரப் மறுபடி அதைத்தான் எடுக்கும். நிறுவியவற்றின் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜிக்கு இப்போது அப்படி ஒரு பேக்கேஜ் இருப்பதே தெரியாது, அதனால் ஆப்ட் வழியாக நீக்க முடியாது. பெயரில் 6.1 என்று வரும் ஃபைல்களைக் கையால் பென் டிரைவுக்கு நகர்த்திவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். கீபோர்டில் கை வைக்காமல் ஒருமுறை ரீபூட் செய்து, தானாக 5.10-இல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தறிநாடா, திங்கள் காலை 8.40

நகர்த்தினேன், ரீபூட் செய்தேன், தானாகவே 5.10-இல் வந்தது. ஸ்னாப்ஷாட் போய்விட்டதால் வால்யூம் குரூப்பைக் காட்டும் விஜிஎஸ் கமாண்ட் 30 ஜிபி காலி என்று காட்டுகிறது.

இன்னும் ஒரு கேள்வி. நிரலைத் திருத்தி முடித்து மறுபடி மேம்படுத்தும்போது, ஸ்னாப்ஷாட் நிரம்பாமல் இருக்க எதையாவது முன்கூட்டியே அமைத்து வைக்கலாமா?

இரவுப்பணி, திங்கள் காலை 9.05

வைக்கலாம். எல்விஎம்.கான்ஃப் ஃபைலில் 'ஸ்னாப்ஷாட்_ஆட்டோஎக்ஸ்டெண்ட்_த்ரெஷோல்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதன் இயல்பு மதிப்பு 100, அதாவது தானாக வளர்வது அணைந்திருக்கிறது. அதை 70 ஆக்கி, பக்கத்தில் உள்ள பெர்சென்ட் வரியை 20 என்று வையுங்கள். 70-ஐத் தாண்டும்போதெல்லாம் அப்போதைய அளவில் 20 சதவீதம் தானாகக் கூடும். இதைக் கண்காணிக்கும் டிஎம்ஈவென்ட்டிடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வால்யூம் குரூப்பில் காலி இடமும் இருக்க வேண்டும்.

உங்களிடம் 30 ஜிபி இருக்கும்போது அடுத்த முறை எடுத்த எடுப்பிலேயே 20 கொடுங்கள். சந்தை முடிந்த புதன்கிழமை இரவாகப் பார்த்து ஆரம்பியுங்கள். வேலை முடிந்து எல்லாம் சரி என்று தெரிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். அது இருக்கிற வரை வட்டில் ஒரு பகுதியை முதன்முறை மாற்றி எழுதும்போதெல்லாம் ஒரு நகல் வேலை கூடுதலாக நடக்கும், சர்வர் மெதுவாகத்தான் ஓடும். அந்த பென் டிரைவை மட்டும் கடையில் வைக்காமல் கோவைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்னாப்ஷாட் இருந்தது அதே வட்டில்தான். வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.