ஊரடங்கில் கருக்கலைப்புப் பிரிவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன், நான் செவிலியர். 2020-இல் தொற்று பரவியதும் எங்கள் மருத்துவமனையில் அவசரமில்லாத சிகிச்சைகளை எல்லாம் தள்ளிவைத்தார்கள், அந்தப் பட்டியலில் கண்புரைக்குக் கீழே கருக்கலைப்பையும் எழுதிவிட்டார்கள். கண்புரை மூன்று மாதம் காத்திருக்கும், கர்ப்பம் காத்திருக்குமா? ஆறாவது வாரத்தில் மாத்திரையிலேயே முடிகிற விஷயம் பதினைந்தாவது வாரத்தில் வேறு சிகிச்சை ஆகிவிடும். எங்கள் டாக்டரம்மா சண்டை போட்டுத்தான் பிரிவைத் திறந்து வைத்தார்.

அப்புறம் போனிலேயே பார்க்க ஆரம்பித்தோம். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, ஒரு பக்கமாக வயிறு வலிக்கிறதா, தோள்பட்டையில் வலி உண்டா, மயக்கம் வந்ததா, உள்ளே காப்பர் டி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்போம். சந்தேகம் வந்தால் மட்டும் ஸ்கேனுக்கு வரச்சொல்வோம், ஏனென்றால் கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் இல்லாமல் மாத்திரை கொடுக்க எனக்கு முதலில் பயம்தான். இங்கிலாந்தில் 2020 மார்ச் 30 அன்றே, பத்து வாரத்துக்குள் என்றால் கருக்கலைப்பு மாத்திரைகளான மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டையும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டார்கள் என டாக்டரம்மா சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது.

ஒரு பெண் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். பாதி கேட்கவே இல்லை. "நான் கேட்கிறேன்மா, ஆமாம்னா 'ம்' மட்டும் சொல்லு" என்றேன். கடைசியாக மாதவிலக்கு வந்து எட்டு வாரம், 'ம்'. கலைப்பது உன் முடிவுதானா, 'ம்'. வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டேன். தண்ணீர் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு அதற்கும் 'ம்'.

ஸ்கேன் கட்டாயம் என்று வீட்டில் சொல்லி வரச்சொன்னோம். துணைக்கு வந்தவரை உள்ளே விடக்கூடாது என்பது அப்போதைய தொற்று விதி. மற்ற நாட்களில் அந்த விதியைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும், துணையில்லாமல் நடுங்கிக்கொண்டு படுத்திருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த விதிதான் அவளைக் காப்பாற்றியது. கணவர் வாசலில் நிற்க, உள்ளே அவள் நாற்பது நிமிடம் பேசினாள்.

* * *

சிஸ்டர், நான் மருத்துவர். எங்களிடம் பதினொரு வாரத்தில் ஒருவர் வந்தார், தொற்று உறுதியாகியிருந்தது. முழு மயக்கம் கொடுத்து மூச்சுவிடத் தொண்டைக்குள் குழாய் போட்டால் அறை முழுக்கக் கிருமி பரவும் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. அதனால் மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, கையால் இயக்கும் உறிஞ்சு கருவியால் சில நிமிடங்களில் முடித்தேன். கவச உடைக்குள் என் முகமே அவருக்குத் தெரியவில்லை. "டாக்டர், நீங்க சிரிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

* * *

நான் அந்தப் பக்கம் இருந்தவள். மாத்திரை போட்ட இரவு வலியில் துடித்தேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு இரண்டு பேட் நனைந்தால் உடனே கிளம்பி வரவேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார், அதை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு போகவில்லை. விடிகாலை போன் வந்தது. "தூங்கினியாம்மா?" என்றார். அதற்குப் பிறகுதான் தூங்கினேன்.