மறு: என்ட்ரோபிக்குத் தமிழில் என்ன? ‘கலைவு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நாளாக மடல் பக்கம் வர முடியவில்லை. நடவுக்கு ஆள் கிடைத்த அன்றைக்கே நட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று முற்றிவிடும் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நேற்று ராத்திரி உட்கார்ந்து இழையை முதலிலிருந்து படித்தேன். நடுவில் யாரோ தொடங்கிய காபிப்பொடிப் பேச்சைத் தாண்டி வருவதற்குள் பாதித் தூக்கம் போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உரை பேச ஒப்புக்கொண்டேன். தலைப்பு: ‘செயற்கை நுண்ணறிவு, என்ட்ரோபி, அண்டத்தில் மனிதரின் துணை தேடல்’. தலையும் வாலும் தமிழாகிவிட்டன, நடுவில் உள்ளதுதான் மாட்டிக்கொண்டது. பாடநூலிலும் என்ட்ரோபி என்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ‘அப்படியென்றால் என்னடா’ என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். எளிதாகச் சொன்னால், ஒழுங்கு எவ்வளவு குலைந்து கிடக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு அது.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். சொல் மூன்று இடத்தில் நிற்க வேண்டும்: வெப்பத்தில், செய்தியில், வானத்தில். ஒன்றில் நின்று மற்ற இரண்டில் தடுக்கி விழுந்தால் அது எனக்கு உதவாது. இனி வந்த யோசனைகளைப் பார்க்கலாம்.

> கலங்கல் என்று வைக்கலாமே. மேட்டூர் திறந்து கல்லணைக்கு வரும் முதல் தண்ணீரைப் பார்த்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

தஞ்சாவூர் நண்பர் எழுதியது. படித்ததும் எனக்கும் பிடித்துவிட்டது. நுரையும் குப்பையுமாக வெட்டாற்றில் வரும் செந்தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வைத்தால் என்ன ஆகும்? தானே தெளியும். அவசரமென்றால் எங்கள் பாட்டி பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைப்பார், இன்னும் சீக்கிரம் தெளியும். மூடி வைத்த இடத்தில் என்ட்ரோபி தானாகக் குறையாது என்பதுதானே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி? குடத்திலும் விதி மீறப்படவில்லை. வண்டல் கீழே இறங்கும்போது அதன் நிலையாற்றல் வெப்பமாகி நீரில் கலக்கிறது, மொத்தக் கணக்கில் என்ட்ரோபி கூடத்தான் செய்கிறது. இதைப் பதினோராம் வகுப்புப் பையனுக்கு விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். அவன் மனத்தில் ‘கலங்கல் தானே தெளியும், ஆகவே என்ட்ரோபி தானே குறையும்’ என்று தலைகீழாகப் பதிந்துவிடும். போதாததற்கு ஏரிப் பாசனப் பக்கம் கலங்கல் என்றால் மிகைநீர் வழியும் இடம். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

‘ஒழுங்கின்மை’ பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ‘குறுக்கு ஒழுங்கின்மை’ (cross entropy), ‘சார்பு ஒழுங்கின்மை’ (conditional entropy) என்று கிளைச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், போதும். ‘சிதறம்’ அப்படித் தள்ளக்கூடியது அல்ல. பிள்ளையாருக்கு உடைத்த சிதறுதேங்காய் திரும்பக் கூடாது என்பதைவிட மீளா நிகழ்வுக்கு நல்ல உதாரணம் ஏது? வளிமத்துக்கும் வெப்பத்துக்கும் அது நன்றாகவே பொருந்தும். செய்திக்கு வரும்போதுதான் இடிக்கிறது. ஒரு வாக்கியத்தின் சிதறம் என்றால் ஏதோ அச்சுப் பிழை மாதிரி கேட்கிறது.

> தொல்காப்பியர் அன்றைக்கே ‘மயக்கம்’ என்று சொல்லிவிட்டார். மெய்ம்மயக்கம் என்பது எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற கணக்குத்தானே?

கும்பகோணத்து ஐயாவின் இந்த வரிக்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன். எல்லோரும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடம் இது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். ர், ழ் இரண்டும் தம்மோடு சேராது, பிற மெய்யோடு மட்டுமே சேரும். ‘மங்’ என்று எழுதிக் கையை எடுத்தால் அடுத்தது ககர வரிசைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ‘ம’ என்று மட்டும் எழுதினால் மரமா, மடையா, மழையா, எதுவும் வரலாம். முன்னதில் ஐயம் ஏறக்குறைய இல்லை, பின்னதில் நிறைய. அந்த ஐயத்துக்கு எண் கொடுத்தால் அதுவே தகவலியலைத் தொடங்கிவைத்த ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையின் என்ட்ரோபி. நன்னூல் பாடம் நடத்துகிறவர் தெரியாமலே தகவலியலின் வாசலில் நிற்கிறார்.

ஆனாலும் ஐயா, மயக்கம் இன்றைக்கு வேறாகிவிட்டது. ‘அண்டத்தின் மயக்கம் கூடிக்கொண்டே போகிறது’ என்று நான் மேடையில் சொன்னால் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் ‘சோடா கொடுங்க சார்’ என்பான். அவனைத் திட்டவும் முடியாது.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். நான் சொல்வது ‘கலைவு’.

இது மேசையில் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. அறுவடை முடிந்த மாசி மாதத்தில் எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை ரம்மி நடக்கும். புதுக் கட்டைப் பிரித்தால் ஆடுதன், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று ஏஸிலிருந்து ராஜா வரை வரிசையாக இருக்கும். மாமா கையில் வாங்கி இரண்டு தடவை உருவிப் போடுவார். எதிரில் இருப்பவர் விடமாட்டார்: ‘நல்லா கலைச்சியா? இன்னும் கொஞ்சம் கலை.’ வெட்டிப் போடும் வரை சந்தேகம் தீராது.

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ என்ற பேச்சிலேயே அளவு வந்துவிட்டது. கலையாத கட்டு ஒரே ஒரு அடுக்குதான். 52 சீட்டையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டால், 8 போட்டுப் பின்னால் 67 சுழியம் எழுத வேண்டும், அதற்கும் சற்று மேல். இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் செய்தது இதைத்தான்: வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒரு நிலைக்குள் எத்தனை அடுக்குகள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணி, அதன் மடக்கையை எடுத்தார். வியன்னாவில் அவர் கல்லறையில் அந்தச் சமன்பாட்டைத்தான் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதையே ஆட்டக்காரன் பக்கமிருந்து பாருங்கள். நன்றாகக் கலைந்த கட்டின் முழு வரிசையையும் ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளால் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சராசரியாகச் சுமார் 226 கேள்வி வேண்டும். அது ஷானன் கணக்கு, 226 பிட். ஒரே கட்டு, ஒரே வினைச்சொல், இரண்டு என்ட்ரோபியும் அதில் அடங்கிவிட்டன.

கலைதல் சீட்டோடு நிற்பதும் இல்லை. புகை கலையும், மேகம் கலையும், கூட்டம் கலையும், தூக்கம் கலையும். காலையில் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் கால் பட்டுக் கலைந்துவிடும், நடக்கிற கால் எதுவும் கோலத்தைப் போட்டுவிட்டுப் போவதில்லை. ‘தானே’ என்ற பொருளும் ‘திரும்பாது’ என்ற பொருளும் அந்த வினையிலேயே ஊறிக் கிடக்கின்றன. இயற்பியலாளர் கிளாசியஸ் 1865-இல் கிரேக்கத்திலிருந்து ‘என்ட்ரோபி’ என்ற சொல்லைச் செய்தபோது ‘எனர்ஜி’க்கு ஒலியில் உறவாக இருக்கட்டும் என்று பார்த்துச் செய்தார். ஆற்றலுக்கும் கலைவுக்கும் அந்த ஒலியுறவு கிடையாது. அது நமக்கு நட்டம்தான்.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. சார்புக் கலைவு, எதிர்க் கலைவு, முழுக் கலைவு. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகளைப் பயிற்றும்போது குறைத்துக்கொண்டே வருவது ‘குறுக்குக் கலைவு’. மாதிரி அடுத்த சொல்லை ஊகிக்கிறது, உண்மையில் வந்த சொல்லுக்கு அது எவ்வளவு வாய்ப்புக் கொடுத்திருந்தது என்று பார்த்துத் தண்டம் போடுகிறோம். ‘மேட்டூர் அணை ஜூன்’ வரை கொடுத்துப் பாருங்கள், நம் ஊர்ச் செய்தித்தாள்களைப் படித்து வளர்ந்த மாதிரி ‘12’ என்றுதான் சொல்லும். அணை திறக்குமா என்பது வேறு விஷயம். பதில் உருவாக்கும்போது திருகுகிற ஒரு குமிழுக்கு ‘வெப்பநிலை’ என்றே பெயர், போல்ட்ஸ்மன் வாய்பாட்டிலிருந்து வந்தது. அதைக் கூட்டினால் பதிலின் கலைவு கூடும், பேச்சு எங்கெங்கோ போகும். வெப்பத்துக்கும் செய்திக்கும் தனித்தனிச் சொல் வைத்தால் இந்த உறவே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி வானம். திருவாரூர்த் தங்கை கேட்டிருந்தார்: ‘வேற்றுலகில் துணை தேடுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், தலைப்புக்காக ஒட்டவைத்ததா அண்ணா?’ இல்லையம்மா, இதுதான் உரையின் உயிர்நாடி. வானிலிருந்து வரும் இரைச்சல் கலைந்த கட்டு. 1967-இல் வானியலாளர் ஜோசலின் பெல் கண்ட வானொலித் துடிப்பு அதற்கு நேர்மாறு, தாளம் பிசகாமல் வந்தது. ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் சுழலும் விண்மீன். பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்: கொஞ்சம் ஊகிக்கலாம், முழுக்க ஊகிக்க முடியாது. 2009-இல் ராஜேஷ் ராவ், ஐராவதம் மகாதேவன் முதலானோர் சிந்துவெளி எழுத்துக் குறிகளை இப்படித்தான் அளந்தார்கள். சார்புக் கலைவில், அதாவது ஒரு குறிக்குப் பின் எது வரும் என்ற ஐயத்தின் அளவில், அவை மரபணுவோடும் சேரவில்லை, கணினி நிரலோடும் சேரவில்லை, மொழிகளோடு சேர்ந்தன. ஒப்பிட எடுத்த மொழிகளில் பழந்தமிழும் ஒன்று. நடுவில் விழுந்துவிட்டதாலேயே மொழி என்று ஆகிவிடாது என்று மறுத்தவர்களும் உண்டு, அதையும் பிள்ளைகளிடம் சொல்வேன். நம் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன் கண்டியூரில் 2006-இல் தெரியவந்த கற்கோடரியில் சிந்துக் குறிகள் இருப்பதாக மகாதேவன் சொன்னார். நாலே நாலு குறியை வைத்துக்கொண்டு எந்தக் கலைவை அளப்பது என்பது என் ஆதங்கம்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. நன்றாகச் சுருக்கிய செய்தி இரைச்சல் மாதிரியேதான் இருக்கும். 1974-இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்கு நாம் அனுப்பிய செய்தி 1679 பிட். 23-ஐ 73-ஆல் பெருக்கினால் வரும் எண், படமாக விரிக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். சுருக்காமல், பாமரத்தனமாக அனுப்பினோம். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகளாக இருந்து எல்லாவற்றையும் சுருக்கி அனுப்பினால், காதில் விழுந்தாலும் நமக்குத் தெரியாது.

தலைப்பில் ‘தோழமை’ வேண்டுமா ‘துணை’ வேண்டுமா என்ற கேள்வியில் நான் துணை கட்சி. வழித்துணை, பேச்சுத்துணை என்று நம்மிடம் தயாராக இருக்கிறது. எங்கள் அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். போன மாதம் கைப்பேசிச் செயலியிடம் மழை வருமா என்று கேட்டார். பதிலை முழுக்கக் கேட்டுவிட்டு, ‘சரிப்பா, நீ சாப்ட்டியா?’ என்றார். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் போன ஒலித்தட்டில் 55 மொழி வணக்கம் இருக்கிறது. கன்னடம், தெலுங்கு உண்டு, தமிழ் கிடையாது. அதில் அத்தையின் இந்தக் கேள்வியை ஏற்றியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இழையில் யாரும் எழுப்பாததால் நானே எழுப்புகிறேன். ‘கருக்கலைவு’ என்ற சொல் இருக்கிறது. வீட்டில் நேற்று இதைச் சொன்னபோது முதலில் கேட்டதே அதுதான். தனியாக ‘கலைவு’ என்று வரும்போது அந்த நினைப்பு எழுமா? எனக்கு எழவில்லை, ஆனால் நான் ஆண். குழுவில் உள்ள பெண்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், படவில்லைகளைத் திருத்த ஒரு நாளாவது வேண்டும்.

அன்புடன்,
வெட்டாற்றங்கரையிலிருந்து

---

அண்ணா,

திருவாரூரிலிருந்து. எனக்குக் கருக்கலைவு நினைவு வரவில்லை, கோலம்தான் வந்தது. அம்மாவிடமும் கேட்டேன். ‘ஜாக்கெட் தைக்கிறவர் தையலைப் பிரிக்கிறது கலைக்கிறது இல்லையா’ என்றார், என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. என் வாக்கு கலைவுக்கு. ஆனால் முதல் தடவை வரும்போது ‘என்ட்ரோபி என்கிற கலைவு’ என்றே சொல்லுங்கள், தேர்வுத்தாளில் அவர்கள் எழுத வேண்டியது என்ட்ரோபிதான்.

---

தங்கைக்கு,

அப்படியே செய்கிறேன். கும்பகோணத்து ஐயா தொலைபேசியில் பேசினார். மயக்கத்தை விடமாட்டாராம், அடிக்குறிப்பிலாவது போடச் சொல்கிறார். போட்டுவிடலாம்.

இப்போது வேறொரு சிக்கல். உரையின்போது கையில் சீட்டுக்கட்டை வைத்துக் கலைத்துக் காட்டலாம் என்றிருந்தேன். பள்ளிக்கூட வாசலுக்குள் சீட்டுக்கட்டு வராது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். 1 முதல் 52 வரை எண் எழுதிய அட்டைகள் யாரிடமாவது இருக்கிறதா?