சோமாலியா: அண்டை நாடுகளின் படைகளால் ஓர் அரசை நிலைநிறுத்த முடியுமா?

கேள்வி: தென்பெண்ணை

அரசியல் அறிவியல் முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்குச் சோமாலியாவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதிப்படை தலைநகர் மொகடிஷுவில் இறங்கியது. அதே பணி 2022இல் ஒரு பெயரும் 2025 ஜனவரியில் இன்னொரு பெயரும் பெற்று இன்றும் தொடர்கிறது. உகாண்டா, புருண்டி, கென்யா, எத்தியோப்பியா, ஜிபூட்டி ஆகிய நாடுகள் ஆயிரக்கணக்கான வீரர்களை அனுப்பியும், அரசை எதிர்த்துப் போரிடும் இஸ்லாமியத் தீவிரவாத இயக்கமான அல்-ஷபாப் ஒழியவில்லை. பயங்கரவாத எதிர்ப்பில் அண்டை நாடுகள் ஒத்துழைக்கும் முறையே பிழையானதா, அல்லது சோமாலிய அரசின் பலவீனம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நெய்தல்வாசி

இரண்டில் ஒன்று என்று பிரித்துப் பார்க்க இயலாது என்பதே என் கருத்து, ஏனெனில் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வளர்ந்தது. 1991இல் சியாத் பாரேயின் ஆட்சி வீழ்ந்த பிறகு பதினைந்து ஆண்டுகள் மொகடிஷு ஆயுதக் குழுத் தலைவர்களின் கையில் இருந்தது. 2006 ஜூனில் இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் அவர்களை விரட்டி நகரத்தைக் கைப்பற்றியபோது, சாலைத் தடுப்புகள் அகன்றதற்காகவே அதை வரவேற்ற மக்கள் ஏராளம். அதே ஆண்டு டிசம்பரில், இடைக்கால அரசின் அழைப்பின் பேரில் எத்தியோப்பியப் படை நுழைந்து அந்த ஒன்றியத்தைச் சிதறடித்தது. எத்தியோப்பியாவுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. எத்தியோப்பியாவில் சோமாலியர்கள் வாழும் ஒகாடேன் பகுதிக்காக இரு நாடுகளும் 1977இல் போரிட்டவை. ஆனால் அந்தப் பழைய பகையே அல்-ஷபாப்பின் கைக்கு வலுவான ஆயுதமாகிவிட்டது. நீதிமன்றங்களின் ஒன்றியத்தில் இளைஞர் பிரிவாக இருந்த அந்தச் சிறிய குழு, அந்நியப் படையை எதிர்க்கும் இயக்கமாகத் தன்னை முன்னிறுத்தி ஆள் சேர்த்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியா வெளியேறும்போது தெற்குச் சோமாலியாவின் பெரும்பகுதி அல்-ஷபாப்பின் வசம் வந்திருந்தது.

ஆப்பிரிக்க ஒன்றியப் படை செய்ததைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. அது இல்லாதிருந்தால் மொகடிஷு எப்போதோ வீழ்ந்திருக்கும். 2011 ஆகஸ்டில் அல்-ஷபாப் தலைநகரை விட்டுப் பின்வாங்கியதற்கும், 2012இல் கிஸ்மாயோ துறைமுகத்தை இழந்ததற்கும் அந்த வீரர்கள் சிந்திய இரத்தமே காரணம்.

ஆனால் நகரத்தைப் பிடிப்பது வேறு, ஆள்வது வேறு. சரக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் அல்-ஷபாப்பின் சாவடியில் வரி கட்டினால் ரசீது கிடைக்கிறது. அதைக் காட்டினால் அவர்களின் அடுத்த சாவடியில் மறுபடியும் கேட்பதில்லை. அரசுத் தரப்புச் சாவடிகளிலோ ஒவ்வொன்றிலும் பணம் கொடுத்தாக வேண்டும், ரசீது என்ற பேச்சே இல்லை. அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஊர்களில் வாழ்பவர்கள்கூட நிலத் தகராறு என்று வந்தால் அல்-ஷபாப்பின் நீதிமன்றத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே தீர்ப்பு விரைவில் வரும், அதை மீற யாருக்கும் துணிவிருக்காது. கொடூரமான ஓர் இயக்கம் நீதியின் பெயரால் நம்பிக்கை பெறுகிறது என்றால், எந்த அண்டை நாட்டின் படைப்பிரிவு அந்த இடத்தை நிரப்ப முடியும்?

பதில் 2: நைரோபித் தமிழன்

கென்யாவில் பணிபுரிபவன் என்ற முறையில் அந்த நாட்டின் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். 2011 அக்டோபரில் கென்யா படை அனுப்பியதற்கு எல்லையோரக் கடத்தல்கள் காரணமாகச் சொல்லப்பட்டன. அதன் பிறகு 2013இல் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் 67 பேரும், 2015 ஏப்ரலில் கரிசா பல்கலைக்கழகத்தில் 148 பேரும் கொல்லப்பட்டார்கள். கரிசாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். இந்த இழப்பைச் சந்தித்த நாட்டிடம் எல்லைக்கு அப்பால் என்ன வேலை என்று கேட்பது நியாயமாகாது.

ஆயினும் கென்யா விரும்பியது வலுவான சோமாலியாவைக் காட்டிலும் தன் எல்லையை ஒட்டிய பாதுகாப்பான ஓர் இடைவெளியையே. அதற்காகத் தன் எல்லையை ஒட்டிய சோமாலிய மாநிலமான ஜூபாலாந்தில் அகமது மடோபேயின் நிர்வாகத்தை ஆதரித்தது. மொகடிஷுவுக்கு அது மாநில விவகாரத்தில் தலையீடாகப்பட்டது. 2020 டிசம்பரில் சோமாலியா தூதரக உறவையே முறித்துக்கொண்டது. கடல் எல்லை வழக்கும் சர்வதேச நீதிமன்றத்தில் நடந்தது. 2021 அக்டோபரில் தீர்ப்பு பெரும்பாலும் சோமாலியாவுக்குச் சாதகமாக வந்தது. இவ்வளவு நடந்தபோதும் கென்ய வீரர்கள் சோமாலிய மண்ணில் அந்த அரசைக் காக்கும் பணியில் இருந்தார்கள் என்பதை உங்கள் ஆய்வேட்டில் அவசியம் குறிப்பிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2014 ஏப்ரலில் நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் ஆயிரக்கணக்கான சோமாலியர்களைப் பிடித்துக் கசரானி விளையாட்டரங்கில் அடைத்து வைத்தார்கள். அவர்களில் கென்யக் குடிமக்களும் இருந்தார்கள். தகவல் தர வேண்டிய சமூகத்தையே சந்தேக வளையத்துக்குள் தள்ளிவிட்டு, இரு அரசுகளின் உளவுத்துறைகள் மட்டும் ஒத்துழைத்து என்ன பயன்?

பதில் 3: கணக்காளர்

நிதியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வீரர்களின் படித்தொகையை ஐரோப்பிய ஒன்றியம்தான் நெடுங்காலம் கொடுத்துவந்தது. 2016இல் அதில் 20 விழுக்காட்டைக் குறைத்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் நடத்தும் பணிகளின் செலவில் 75 விழுக்காடு வரை ஐ.நா. உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து வழங்க வழிசெய்யும் 2719ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்பு அவை 2023 டிசம்பரில் நிறைவேற்றியது. ஓராண்டு கழித்து, 2025இல் தொடங்கவிருந்த புதிய பணிக்கு ஒப்புதல் தரும் வாக்கெடுப்பில், அந்த ஏற்பாட்டைச் சோமாலியாவுக்குப் பொருத்துவதில் உடன்பாடில்லாத அமெரிக்கா விலகி நின்றது. பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமலே ஒரு படைக்கு ஆணை வழங்கப்பட்டது.

அதே 2024இல் அண்டை நாடுகளின் சச்சரவும் உச்சத்தில் இருந்தது. சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்துடன் துறைமுக ஒப்பந்தம் செய்ய எத்தியோப்பியா ஜனவரி முதல் நாள் கையெழுத்திட்டது. கொதித்துப்போன மொகடிஷு, நைல் அணை விவகாரத்தில் எத்தியோப்பியாவுடன் மோதிவரும் எகிப்தோடு ஆகஸ்டில் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. துருக்கி நடுவில் நின்று டிசம்பரில் அங்காராவில் இரு தலைவர்களையும் ஒரே மேடையில் நிறுத்தியிராவிட்டால், ஒரே எதிரியை எதிர்த்து நிற்க வேண்டியவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருப்பார்கள். தன் படைத்தளத்தையும் பயிற்சி மையத்தையும் சோமாலியாவில் நடத்துவதால் துருக்கிக்கும் சொந்த நலன் உண்டு. இருந்தாலும் அந்தச் சமரசம் தேவையானது, நல்லது என்றே கருதுகிறேன்.

தென்பெண்ணை

அனைவருக்கும் நன்றி. 2022இல் மத்தியச் சோமாலியாவில் உள்ளூர்க் குலப்படைகளே எழுந்து போரிட்டதாகப் படித்தேன். அது வேறு வழியைக் காட்டுகிறதா?

பதில் 4: நெய்தல்வாசி

ஓரளவு காட்டுகிறது. அல்-ஷபாப்பின் வரிக்கொடுமையும் அவர்களால் கிணறுகள் தகர்க்கப்பட்டதும் தாங்காமல் ஹிரான் பகுதியில் மக்களே ஆயுதம் எடுத்தார்கள். அதிபர் ஹசன் ஷேக் முகமதுவின் அரசு அவர்களோடு இணைந்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஆதன் யபால் நகரத்தை மீட்டது. அயல்நாட்டுப் படைகள் பல ஆண்டுகளில் செய்யாததைச் சில மாதங்களில் செய்தார்கள். ஆனால் மீட்ட ஊரில் காவல்நிலையமும் நீதிமன்றமும் பள்ளியும் வந்து வேரூன்றும் முன்பே படைகளின் கவனம் வேறு பக்கம் போனது. குலங்களுக்கிடையே உரசலும் வளர்ந்தது. 2025 ஏப்ரலில் ஆதன் யபாலை அல்-ஷபாப் மறுபடியும் பிடித்துவிட்டது. நாடு முழுவதையும் அளக்க முயலாமல், இந்த ஒரே ஊரை ஆய்வேட்டின் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அது மீட்கப்பட்ட நாள் முதல் இழக்கப்பட்ட நாள் வரை அங்கே வரி வசூலித்தது யார், வழக்கை விசாரித்தது யார், காவலருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று தேடிப் பாருங்கள்.